எல்லோரும் திரும்பிப் பார்த்த எண்

காலே டீச்சர் கரும்பலகையில் 7 என்று எழுதினார்.

"இது என்ன மாதிரி எண்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்குத் தெரியும்! மாயவரத்துப் பள்ளிக்கூடத்திலேயே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்பாவுக்கு பாங்கில் புனேவுக்கு மாற்றலாகி, தீபாவளி விடுமுறை முடிந்ததும், அங்கே நிக்டி என்ற பகுதியில் ஐந்தாம் வகுப்பில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அன்று முதல் நாள். காலையிலிருந்து யார் என்ன கேட்டாலும் எனக்குப் புரியவில்லை. இந்த ஒரு கேள்விதான் புரிந்தது. விடுவேனா?

எழுந்து நின்று, "பகா!" என்றேன்.

வகுப்பு முழுவதும் திரும்பியது. சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள். சிலர் கதவைப் பார்த்தார்கள். காலே டீச்சர்கூட தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு பல்லிகூட இல்லை.

"காய் பகூ?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் உரக்கக் கேட்டாள்.

நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னேன். "பகா! பகா!"

எல்லோரும் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நான் உட்கார்ந்து, பையைத் திறந்து, அதற்குள் எதையோ தேடுவது மாதிரி தலையை விட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் தம்பி கிட்டுவுக்கு ஆறு வயது. புனேவுக்கு வந்த பத்தே நாளில் அவனுக்கு மராத்தி தொற்றிக்கொண்டது, சளி பிடிப்பது மாதிரி.

"நீ அப்படி என்னக்கா சொன்ன?"

"பகா."

கிட்டு சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தான். "எங்க?"

"நீயுமாடா!"

"இல்லக்கா, பகான்னா மராத்தில 'பாருங்க'ன்னு அர்த்தம். வாட்ச்மேன் மாமா என்னை தினம் காட்டுவாரு. 'பகா, மதராசி ஆலா'ன்னு. பாருங்க, மதராசி வந்துட்டான்னு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாருங்கன்னுதானேடி சொன்ன? கெட்ட வார்த்தை ஒண்ணும் சொல்லிடலையே? இதுக்குப் போயா அழுவுற?"

அம்மாவுக்கு என்ன தெரியும்? மறுநாளிலிருந்து அபயாம்பாள் என்ற என் பெயர் காணாமல் போய்விட்டது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் போதும், "பகா ஆலீ!", பகா வந்துட்டா, என்பார்கள். விரல்களைக் கண்ணில் வைத்து பைனாகுலர் மாதிரி பார்ப்பார்கள். அதை ஆரம்பித்து வைத்தவள், முதல் நாள் 'காய் பகூ', அதாவது 'எதைப் பார்க்கணும்' என்று கேட்ட முதல் பெஞ்சுப் பெண்தான். அவள் பெயர் சாயலி.

பயம் வந்தால் நான் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்வேன். அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வீடு. அந்த எண்ணை மீதி இல்லாமல் வகுக்கிற எண்கள் எல்லாம் அந்த வீட்டுக்கு வரும் ஆட்கள். ஆறாம் வீட்டுக்கு 1, 2, 3, 6 என்று நாலு பேர். பன்னிரண்டாம் வீட்டில் ஆறு பேர். எத்தனை பேர் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போவேன். 1, 2, 2, 3, 2, 4, 2, 4, 3, 4, 2, 6... எப்போது கூடும், எப்போது குறையும் என்று சொல்லவே முடியாது. எழுத எழுத பயம் போய்விடும்.

ஒருநாள் அம்மா அரிசி களையும்போது, "என்னடி அது, யாரோ வர்றாங்கன்னு முணுமுணுக்குற?" என்று கேட்டாள்.

"பதினெட்டாம் வீடும்மா. ஆறு பேரு வர்றாங்க."

அம்மா இன்னும் இரண்டு ஆழாக்கு அரிசியைப் போட்டுவிட்டாள். அன்று ராத்திரி வரைக்கும் புளியோதரைதான். யார் வரப்போகிறார்கள் என்று அப்பா இரண்டு தடவை வாசலைப் பார்த்தார்.

உண்மையில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நாங்கள் புதிது. ஏழாம் வீடு மாதிரி. அங்கே எல்லா வீட்டுக்கும் போகிற 1 வரும். அப்புறம் 7 தானே இருக்கும். இரண்டே பேர். அப்படி இரண்டே பேர் இருக்கிற வீட்டைத்தான் பகா எண் என்கிறோம்.

மறுநாள் மிச்சப் புளியோதரையை டப்பாவில் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் சாயலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பகா, டப்பால என்ன? பாக்கலாமா?"

அவள் பேசியது மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து. நான் தமிழும் இங்கிலீஷும் கையும் கலந்து பேசினேன். எப்படியோ புரிந்தது.

ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். அப்புறம் முழு டப்பாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் சப்பாத்தியை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டுக்கொண்டே என் நோட்டைப் புரட்டினாள்.

"ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, நாலு... இது யாரோட போன் நம்பர்? இவ்வளவு நீளமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புனேவில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து ஏழாம் வீட்டுக்கு ஒரு ஆள் கூடுதல்.

டிசம்பரில் ஷிர்கே சார் லேஜிம் பயிற்சியை ஆரம்பித்தார். லேஜிம் என்றால் ஒரு மரக்கைப்பிடி; அதில் இரும்புச் சங்கிலி, சங்கிலியில் சின்னச் சின்னத் தகடுகள். ஆட்டினால் ஜல் ஜல் என்று சத்தம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, கால் மாற்றி ஆடவேண்டும். ஜனவரி 26 அன்று மைதானத்தில் எல்லா அம்மா அப்பாக்களும் பார்க்க வருவார்கள்.

மொத்தம் முப்பத்தாறு பேர். ஆறு வரிசையில் ஆறு ஆறு பேராக நிற்பார்கள். சார் விசில் அடித்ததும் நாலு வரிசையாகி ஒன்பது ஒன்பது பேராக நிற்பார்கள். அடுத்த விசிலுக்கு மூன்று வரிசை. அதற்கடுத்த விசிலுக்கு இரண்டு. அந்த ஆட்டத்தின் அழகே அதுதான்.

சாயலி அதில் இருந்தாள். எனக்கும் ஆட ஆசையாக இருந்தது. அவள்தான் எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் லேஜிம் ஏது? அப்பாவின் குடையை வைத்துக்கொண்டு ஆடினேன். கிட்டு வாயால் ஜல் ஜல் என்றான். எட்டு நாள் ஆடியதில் குடையில் இரண்டு கம்பி போனது.

ஒன்பதாம் நாள் ஷிர்கே சார் முன்னால் ஆடிக் காட்டினேன். அவருடைய மீசை மேலே போனது. அவர் சிரிக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரியும்.

"தாளம் தப்பவே இல்லையே! சேர்ந்துக்கோ," என்று சொல்லி, தன் சொந்த லேஜிமை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஆறு வரிசை. நான் ஒருத்தி மிச்சம். நாலு வரிசை போட்டார். ஒருத்தி மிச்சம். மூன்று போட்டார். அப்போதும் ஒருத்தி மிச்சம்.

முப்பத்தேழு! பகா எண். என்ன செய்தாலும் வரிசைக்கு வராது.

சார் தலையைச் சொறிந்தார். அப்புறம், "சாயலி, நீ வெளியே வா," என்றார். "நீ எப்பவும் அடுத்தவங்க காலைப் பாத்துப் பாத்து ஆடுற. ஒரு தாளம் பின்னாடியே வர்ற. இந்த வருஷம் நீ உக்காந்து பாரு."

சாயலி லேஜிமைக் கீழே வைத்தாள். அது ஜல் என்று ஒரே ஒரு சத்தம் போட்டது.

அவளுடைய பாபா, அதாவது அப்பா, பஸ் டிரைவர். எந்தப் பள்ளி விழாவுக்கும் அவரால் வர முடிந்ததில்லை. இந்த ஒரு நாளுக்காக ஒரு மாதம் முன்பே லீவு சொல்லி வைத்திருந்தார். வாரம் முழுக்க அவள் என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சாரிடம் ஓடப் போனேன். சாயலி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போற?"

"நான் விலகிக்கிறேன்னு சொல்லப் போறேன்."

"நீ விலகினா நானும் உள்ள போகமாட்டேன். எட்டு நாள் குடையோட ஆடினது எதுக்கு? விளையாட்டுக்கா?" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "போ! என்கிட்ட பேசாத."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் என்னை 'பகா' என்றுகூடக் கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிடமாட்டாளா என்று நான் ஏங்குவேன் என்று நவம்பரில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். முப்பத்தாறாம் வீட்டில் ஒன்பது பேர்: 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. எவ்வளவு கலகலப்பான வீடு! அதனால்தான் சாருக்கு அத்தனை விதமான வரிசைகள் கிடைத்தன. முப்பத்தேழில் இரண்டே பேர். சரி, மேலே போய்ப் பார்க்கலாம். முப்பத்தெட்டில் நாலு. முப்பத்தொன்பதிலும் நாலு. நாற்பது? 1, 2, 4, 5, 8, 10, 20, 40. எட்டுப் பேர்!

யாரையும் ஏன் வெளியே அனுப்பவேண்டும்? இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் போதுமே!

மறுநாள் ஷிர்கே சாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். மீசை லேசாக மேலே போனது. அப்புறம் இறங்கிவிட்டது.

"நல்ல யோசனைதான். ஆனா ஸ்கூல்ல இருக்கறது முப்பத்தாறு லேஜிம். என்னோடது ஒண்ணு. மிச்சம் மூணு பேரு எதை வெச்சு ஆடுவாங்க? குடையை வெச்சா?"

குடை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜனவரி 14 வந்தது. எங்களுக்குப் பொங்கல். இங்கே சங்கராந்தி. இங்கே அன்றைக்கு எல்லோரும் எல்லோருக்கும் எள்ளுருண்டை கொடுத்து, "திள்குள் க்யா, கோட் போலா" என்கிறார்கள். எள்ளும் வெல்லமும் எடுத்துக்கோங்க, இனிப்பா பேசுங்க என்று அர்த்தம். சண்டை போட்டவர்கள்கூட அன்று பேசிவிடவேண்டும்.

"பொங்கலும் அதுவுமா எள்ளா?" என்று அம்மாவுக்கு ஒரே யோசனை. இருந்தாலும் பக்கத்து வீட்டில் கேட்டு, வெள்ளை எள் வாங்கி, பொங்கல் பொங்கிய கையோடு உருண்டையும் பிடித்தாள். "சாயலி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க ரெண்டு பேரும்?"

கிட்டு தட்டில் உருண்டைகளை அடுக்கினான். நடுவில் ஒன்று வைத்தான். அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி வைத்தான். அதற்கு வெளியே இன்னொரு சுற்று. அதற்கும் வெளியே இன்னொரு சுற்று. தட்டு நிறைந்தது.

நான் சும்மா எண்ணினேன். எனக்குத்தான் எண்ணாமல் இருக்க முடியாதே. நடுவில் ஒன்று. முதல் சுற்றில் ஆறு. அடுத்ததில் பன்னிரண்டு. கடைசியில் பதினெட்டு.

மறுபடி எண்ணினேன். ஒன்று, ஏழு, பத்தொன்பது... முப்பத்தேழு!

"கிட்டு! தொடாத! யாரும் தொடாதீங்க!"

கையை நீட்டிக்கொண்டு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஒண்ணே ஒண்ணும்மா..."

"கூடாதுப்பா!"

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால், உருண்டை உருளாமல் எவ்வளவு வேகமாக நடக்கலாமோ அவ்வளவு வேகம். சாயலிதான் கதவைத் திறந்தாள்.

"திள்குள் க்யா, கோட் போலா," என்றேன் மூச்சிரைக்க.

அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். சங்கராந்தி ஆயிற்றே, பேசாமல் இருக்கக்கூடாதே. நடுவில் இருந்த உருண்டையை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காத!"

"எடுத்துக்கோன்னு சொன்னியே!"

"முதல்ல எண்ணு!"

அவள் எண்ணினாள். முடித்ததும் வாய் திறந்தபடியே நின்றாள். "முப்பத்தேழு..."

"வரிசையா நின்னாதான் ஒண்ணு மிச்சம். வட்டமா நின்னா அந்த ஒண்ணு நடுவுல வந்துடும். அதைச் சுத்தி முப்பத்தாறு. ஆறு, பன்னண்டு, பதினெட்டு. எல்லாமே ஆறால வகுபடும். பிரிஞ்சா ஆறு ஆறு பேரா ஆறு இதழ். பூ மாதிரி. இந்த நடு உருண்டை நீதான்!"

சாயலி அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பகா."

எனக்கு எள்ளுருண்டை சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, துணி போட்டு மூடிய தட்டோடு ஷிர்கே சாரின் அறைக்குப் போனோம். துணியை எடுத்தோம்.

"அடடே, திள்குள்!" என்று சார் நடு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சார்! அது சாயலி!" என்று நான் கத்திவிட்டேன்.

பாவம், சாருக்குப் புரையேறிவிட்டது. சாயலி தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் குடித்த பிறகு நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். காலியாகிவிட்ட நடு இடத்தில் அவருடைய விசிலை வைத்துக் காட்டினேன். ஆறு பேர் இந்தப் பக்கமாகச் சுற்றலாம், பன்னிரண்டு பேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றலாம், பதினெட்டுப் பேர் மறுபடி இந்தப் பக்கம்.

சார் விரலால் ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிப் பார்த்தார்.

"சரி, நடுவுல நிக்கறவ தாளம் தப்பினா?" என்று கேட்டார்.

"இவ அடுத்தவங்க காலைப் பாத்துதான் சார் தப்புவா. நடுவுல அடுத்தவங்களே கிடையாது. எல்லாரும் இவளைத்தான் பாத்து ஆடணும்," என்றேன். "அதோட சார், இவளுக்குக் குரல் பெரிசு. தாளத்தை எண்ணிச் சொல்லட்டும். முதல் நாள் இவ 'காய் பகூ'ன்னு கேட்டது இன்னும் என் காதுல இருக்கு."

சாரின் மீசை மேலே போனது. இந்தத் தடவை இறங்கவில்லை.

ஜனவரி 26. நல்ல குளிர். கொடியேற்றம் முடிந்து, மைதானத்துக்குள் ஓடினோம். நான் மூன்றாவது வட்டத்தில் நின்றேன். நடுவில், தலையில் காவி நிறத் தலைப்பாகையோடு சாயலி தனியாக நின்றாள்.

கூட்டம் அமைதியானது. அவள் அடுத்தவர் காலைப் பார்த்துவிடுவாளோ?

அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். லேஜிமை உயர்த்தினாள்.

"ஏக்! தோன்! தீன்! ச்சார்!" என்று மராத்தியில் நாலு வரை எண்ணினாள்.

ஜல்! முப்பத்தேழு லேஜிமும் ஒரே சத்தம். வட்டங்கள் சுற்றத் தொடங்கின. உள்ளே ஒரு பக்கம், நடுவே மறுபக்கம், வெளியே மறுபடி இந்தப் பக்கம். அப்புறம் ஆறு இதழாகப் பிரிந்தோம். குனிந்தோம். பூ மூடியது. நிமிர்ந்தோம். பூ விரிந்தது. நடுவில் சாயலி ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.

கூட்டத்தில் ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். காக்கிச் சட்டை. "பகா! பகா! மாஜீ போர்கீ பகா!" என்று கத்தினார். சாயலியின் பாபா!

"ஏன்டா கிட்டு, அந்த மனுஷன் ஏன் நம்ம அபயாவக் கூப்பிடுறாரு?" என்று அம்மா கேட்டாளாம்.

"இல்லம்மா, என் பொண்ணைப் பாருங்கன்னு சொல்றாரு."

அவ்வளவுதான், அம்மாவும் எழுந்துவிட்டாள். "பகா! பகா!" என்று மைதானமே கேட்கக் கத்தினாள். "மூணாவது வட்டம்! சிவப்பு ரிப்பன்! அது எங்க பொண்ணு! பகா!"

நான் சிரிப்பில் தாளம் தப்பியிருப்பேன். சாயலியைப் பார்த்துதான் சமாளித்தேன்.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பு. காலே டீச்சர் கரும்பலகையில் 37 என்று எழுதினார்.

"இது என்ன மாதிரி எண்?"

நான் எழுந்திருப்பதற்குள் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது. "பகா!"

இந்தத் தடவை ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டீச்சர் மட்டும், பாவம், பின்னால் இருந்த சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.